ஆவஸ்யமுண்டு

கொழிஞ்சாம்பாறை பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடைச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். எங்கள் பக்கம் எல்லாமே அப்படித்தான். இருப்பது கேரளத்தில், வீட்டில் பேசுவது தமிழ், படித்தது தமிழ்வழிப் பள்ளியில். வேலைக்கென்று கிளம்பினால் ஒரு பஸ் பாலக்காட்டுக்குப் போகும், இன்னொன்று வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போகும். 2013இல் பி.காம். முடித்த கையோடு என் முதல் வேலையை அந்தச் சுவரில்தான் பார்த்தேன். மேலே மலையாளத்தில் பெரிதாக "ஆவஸ்யமுண்டு", அதாவது "ஆள் தேவை". கீழே தமிழில், "துணிக்கடைக்குப் பெண் பில்லிங் ஸ்டாஃப் தேவை. சுறுசுறுப்பானவராக இருக்க வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை. சம்பளம் 8,000 வரை. தங்குமிடம், உணவு இலவசம்."

அந்த நோட்டீஸில் பொய் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியையும் நான் என் ஆசைக்குத் தகுந்தபடி படித்திருந்தேன். "8,000 வரை" என்பதை 8,000 என்று படித்தேன், அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். விடுப்பே எடுக்காமல், ஞாயிற்றுக்கிழமையும் வந்து, கல்லாவில் ஒரு ரூபாய் குறையாமல் பார்த்துக்கொண்ட மாதத்துக்கு மட்டும்தான் 8,000. முதல் மாதம் என் கையில் வந்தது 5,900. "சுறுசுறுப்பானவர்" என்றால் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே இருப்பவர். பில்லிங் மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. பெட்டி மேல் சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் பார்த்துவிடுவார்.

இருப்பதிலேயே தாமதமாக எனக்குப் புரிந்தது "தங்குமிடம் இலவசம்" என்ற வரி. விடுதியில் தங்குகிற பெண்ணுக்குக் கடைசி பஸ் என்று ஒன்று கிடையாது. அதனால் அவளை ஒன்பது மணிக்கும் அனுப்பலாம், ஓணத்துக்கு முந்தின வாரம் பதினோரு மணிக்கும் அனுப்பலாம். ஊரிலிருந்து தினமும் வந்துபோன இரண்டு அக்காக்கள் எட்டே காலுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். யாராலும் தடுக்க முடியாது, பஸ் போய்விடும். நாங்கள் விடுதிக்காரர்கள் பன்னிரண்டு பேர் மிச்சத் துணியை மடித்துக்கொண்டிருப்போம். இலவசத் தங்குமிடத்தை மறுக்கச் சொல்லவில்லை. தூரத்து ஊர்ப் பெண்ணுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் "கடை மூடியபின் எத்தனை மணிக்கு விடுவீங்க, விடுதிக் கதவை எப்போ பூட்டுவீங்க, லீவு நாளில் வெளியே போகலாமா?" என்று மூன்றையும் கேட்டுவிட வேண்டும்.

நின்றுகொண்டே வேலை பார்ப்பது எங்கள் கடையோடு முடிகிற விஷயம் இல்லை என்று அப்புறம் தெரிந்தது. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்துவந்த விஜி, பெண்கூட்டு என்ற அமைப்பைக் கட்டி, ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும் என்று பல வருடம் போராடினார். அதன் பலனாக 2018இல் கேரளம் தன் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் அதே மாதிரி திருத்தம் கொண்டுவந்தது. இன்றைக்கு எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், "உட்கார இடம் உண்டா?" என்று ஒரு பெண் போனில் கேட்டால் அது சலுகை கேட்பதாகாது. எனக்கு இடுப்பு வலி அந்த ஏழு மாதத்தில் தொடங்கியது, இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த வேலை ஒரு நிதி நிறுவனத்தில். "கஸ்டமர் ரிலேஷன் எக்ஸிகியூட்டிவ். தமிழ், மலையாளம் இரண்டும் சரளமாகப் பேசத் தெரிந்தவருக்கு முன்னுரிமை." இரண்டு மொழி தெரிந்ததை முதல்முறையாக ஒருவர் தகுதியாக எண்ணியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போய்ப் பார்த்தால் தவணை கட்டாதவர்களுக்குப் போன் செய்யும் வேலை. காலையில் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களைத் தமிழில், மத்தியானம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர்களை மலையாளத்தில் நெருக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை, ஒரு சம்பளம். அதே நிறுவனத்தில் பீல்டு வேலைக்கான விளம்பரத்தில் "சொந்த இருசக்கர வாகனம் அவசியம்" என்று போடுவார்கள். பெட்ரோல் யார் செலவு என்று அதில் இருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு என்ன படி, வண்டி பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்காமல் சேர்ந்த என் அத்தை மகன் ஒரு வருடத்தில் டயர் இரண்டையும் மாற்றினான், கையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. மாநில எல்லையில் இருந்த வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடி மூடப்பட்டது. அப்பா அங்கே லாரிக்காரர்களுக்கு ஃபாரம் எழுதிக் கொடுக்கும் கடையில் இருபது வருடமாக இருந்தவர். ஒரே வாரத்தில் அந்த வரிசைக் கடைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நிலையான வேலை உடனே தேவைப்பட்டது. கஞ்சிக்கோட்டில், ஆலைகளுக்கு ஆள் கொடுக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தேன். ஆறு வருடம் அங்கே இருந்தேன். வேலை விளம்பரம் டைப் அடிப்பது என் பொறுப்பில் ஒன்று.

அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. புதிய விளம்பரத்தை யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய கோப்பைத் திறந்து, தேதியை மாற்றி, ஒரு வரி சேர்ப்போம். ஒரு ஆலைக்கு ஸ்டோர் கீப்பர் கேட்ட விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது வெறும் "ஸ்டோர் கீப்பர், பி.காம்., இரண்டு வருட அனுபவம்" என்றுதான் இருந்தது. உடுமலையிலிருந்து வந்து சேர்ந்தவர் மூன்று மாதத்தில் போனார், பயணம் கட்டுப்படியாகவில்லை. அடுத்த விளம்பரத்தில் "உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை" என்று சேர்த்தேன். அடுத்து வந்தவர் கைக்குழந்தைக்காரர். இரவு லாரி வந்தால் இறக்கிக் கணக்கு வைக்க வேண்டும் என்று யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, போய்விட்டார். "ஷிப்ட் முறையில் பணியாற்றத் தயாராக இருக்க வேண்டும்" என்ற வரி வந்தது. மூன்றாமவரை ஆலையின் மேற்பார்வையாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டினார், அவர் மதியச் சோற்றுப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் கிளம்பினார். மறுநாள் அந்த மேற்பார்வையாளரே போன் செய்து, "மோளே, நல்ல க்ஷமையுள்ள ஆளு வேணும்னு எழுதிக்கோ" என்றார். நான் "அழுத்தமான சூழலிலும் பொறுமையுடன் பணியாற்றக் கூடியவர்" என்று அடித்தேன்.

பதினான்கு மாதத்தில் நான்கு பேர். நான்காவது விளம்பரத்தைப் படிப்பவருக்கு அது ஸ்டோர் கீப்பருக்கு வேண்டிய குணங்களின் பட்டியல். எனக்கு அது போனவர்களின் வரிசை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் தெரியும். அன்றிலிருந்து எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும், வழக்கமான படிப்பு, அனுபவம் தவிர வேறு எந்தக் குணத்தைக் கேட்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். "நேரம் பார்க்காமல் உழைப்பவர்" என்றால் முன்பிருந்தவர் நேரம் பார்த்திருக்கிறார். "நேர்மையானவர், ஜாமீன் அவசியம்" என்றால் அங்கே பணமோ சரக்கோ ஒருமுறை காணாமல் போயிருக்கிறது. இனி எது குறைந்தாலும் கை உங்களை நோக்கித்தான் நீளும், அதனால் சேரும் நாளிலேயே இருப்பைக் கையெழுத்தோடு எண்ணி வாங்குங்கள். "பல பணிகளையும் ஏற்றுச் செய்பவர்" என்ற வரியை நாங்கள் போட்டதெல்லாம் இரண்டு நாற்காலியை ஒன்றாக்கிய இடங்களுக்குத்தான்.

"குடும்பம் போன்ற சூழல்" என்ற வரி எங்கள் முதலாளிக்குப் பிடித்தது. ஒருமுறை ஓவர்டைம் பணம் தரவில்லை என்று ஆறு பேர் ஒன்றாக நின்றார்கள். பிரச்சினை முடிந்தபின் அடுத்த விளம்பரத்துக்கு அவர், "நம்ம குடும்பம் மாதிரின்னு ஒரு வரி போட்டு விடும்மா" என்றார். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆலைக்காரர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் பில்லுக்குப் பணம் தருவார்கள். அதுவரை கடன் வாங்கிச் சம்பளம் போட்டார், என் தங்கை கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆனாலும் குடும்பத்தில் யாரும் கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்பதில்லை என்ற நினைப்பு அந்த வரிக்குள் இருந்தது. அதை அடித்த கை என்னுடையது. அந்த வரியை நம்பி வந்த பிள்ளைகள் இரண்டு பேரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

எல்லா வரியும் ஆபத்து என்று நினைத்துவிடவும் கூடாது. "உடனடியாகச் சேர வேண்டும்" என்பதற்கு, ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார், வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது என்று பொருள் உண்டு. ஆலைக்குப் புது ஆர்டர் கிடைத்தது என்றும் பொருள் உண்டு. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி, அதே விளம்பரம் முன்பு வந்ததா என்று பார்ப்பது. ஒரே நம்பர், ஒரே வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அங்கே ஆள் நிற்பதில்லை. நான் அந்த டீக்கடைச் சுவரைப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்ததால் இது எனக்குச் சுலபம். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு சுவரோ வாட்ஸப் குழுவோ இருக்கும்.

சம்பள வரிக்கு வருகிறேன். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். "ஆண்டுக்கு 3 லட்சம் சிடிசி" என்றால் மாதம் 25,000 என்று எல்லோரும் வகுத்துவிடுகிறார்கள். சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. நான் பார்த்த மாதிரியில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அடிப்படைச் சம்பளம் 12,500. அதில் 12 சதவீதம், 1,500 ரூபாய், பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு, அதையும் 25,000க்குள் வைப்பார்கள். கிராஜுட்டி என்ற பணிக்கொடைக்கென்று அடிப்படையில் 4.81 சதவீதம், சுமார் 600. ஒரு வருட வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கிலிருந்து வருவது அந்த 4.81. நிரந்தரப் பணியாளருக்கு அந்தப் பணம் ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். அப்புறம் இலக்கை எட்டினால் தரும் ஊக்கத்தொகை 2,500, அதையும் உள்ளே சேர்த்துவிடுவார்கள். இஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு நிறுவனப் பங்கு 3.25 சதவீதம், சுமார் 640. இவையெல்லாம் போக மாதச் சம்பளம் என்று நிற்பது ஏறக்குறைய 19,760. அதிலிருந்து உங்கள் பிஎஃப் பங்கு 1,500, இஎஸ்ஐ 0.75 சதவீதம் சுமார் 148 பிடித்தால் கையில் வருவது 18,100 சொச்சம். வண்டிக்கும் கேன்டீனுக்கும் பிடித்தால் இன்னும் குறையும்.

பிஎஃப் நம் பணம்தான், அது சேரட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் 25,000 என்று நம்பி வாடகைக்கு வீடு பிடித்தவர்கள் முதல் மாதச் சம்பள நாளில் என் மேசை முன் வந்து நிற்பார்கள். பதில் சொல்ல முடியாமல் நான் உட்கார்ந்திருப்பேன். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, "எல்லாப் பிடித்தமும் போக, இலக்கு எட்டாத மாசத்துல கைக்கு எவ்வளவு வரும்?" இந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லாமல் "நல்லா வரும்", "பர்பாமன்ஸைப் பொறுத்தது" என்று சொன்னால், குறைந்தபட்சம் என்று அவர்கள் மனதில் இருப்பதை நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்று அவர்களுக்கே தெரியும். "சம்பளம் தகுதிக்கேற்ப" என்றால் அங்கே எண்ணை முதலில் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டிலிருந்தே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு போங்கள்.

"பிஎஃப், இஎஸ்ஐ உண்டு" என்று போட்டிருந்தால் சரிபார்க்க வழி இருக்கிறது. பிஎஃப் பொதுவாக 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு, இஎஸ்ஐ 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களில், மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. பிஎஃப்பை நடத்தும் இபிஎஃப்ஓ அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தைத் தேடும் பகுதி ஒன்று உண்டு, அதற்கு உங்கள் கணக்கு எண் எதுவும் வேண்டாம். நிறுவனத்தின் பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டினார்கள் என்று காட்டும். முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள் என்று சொன்ன ஒரு இடத்தில் நாற்பது பேருக்குத்தான் கட்டியிருந்தார்கள். மிச்சம் பேர் ஒப்பந்த ஆட்கள், அல்லது கணக்கிலேயே இல்லாதவர்கள்.

ஒப்பந்தம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் பெரிய ஆலையின் பெயர் இருக்கும், கீழே தொடர்பு எண் எங்களைப் போன்ற ஒருவருடையது. வேலை அந்த ஆலைக்குள்தான், ஆனால் சம்பளம் போடுவதும் நீக்குவதும் ஒப்பந்ததாரர். "ரோல் யாருடையது? கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ரோல் என்றால் யாருடைய சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் என்பது. ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் ஆலைதான் தர வேண்டும் என்பது 1970ஆம் வருடத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. அதற்கு நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு அடையாளம் வேண்டும். நுழைவுச் சீட்டு, வருகைப் பதிவேட்டின் படம், சம்பள ரசீது, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

"ட்ரெய்னி", "பயிற்சியாளர்" என்ற சொல் சின்னதாகத் தெரியும், ஆனால் பணத்தில் பெரிய வித்தியாசம் செய்யும். 1961ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி முறையாகப் பதிவான பயிற்சியாளருக்கு உதவித்தொகை உண்டு, பிஎஃப்பும் இஎஸ்ஐயும் கிடையாது. அது நல்ல திட்டம், பதிவாகியிருந்தால். பதிவே இல்லாமல் வெறும் ட்ரெய்னி என்று பெயர் வைத்து இரண்டு வருடம் ஆபரேட்டர் வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். "அப்ரண்டிஸ் போர்டல்ல பதிவு உண்டா, ஒப்பந்த எண் கிடைக்குமா, முடிஞ்சதும் சான்றிதழ் யார் தருவாங்க?" என்று கேட்டால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

பாண்டு என்றால் இவ்வளவு காலம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. அந்த விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு தப்பு நினைப்பில் இருக்கிறார்கள். ஒன்று, பாண்டில் கையெழுத்துப் போட்டால் அடிமை. இன்னொன்று, பாண்டு செல்லாது, கிழித்துப் போடலாம். வேலையை விட்டபின் வேறு எங்கேயும் வேலைக்குப் போகக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனை 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி நிற்காது. ஆனால் குறித்த காலத்துக்கு முன் போனால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை நிற்கலாம். மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனவே தொகையையும் காலத்தையும் படித்தபின் மட்டும் கையெழுத்து. அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டு நகல் மட்டும் கொடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. "லெட்டர் எல்லாம் அப்புறம்" என்பவரிடம் இதைச் சொல்லலாம்.

எல்லைப் பக்கத்துக்கென்றே ஒரு வரி இருக்கிறது. "பணியிடம்: கோவை / பாலக்காடு." நடுவில் உள்ள அந்தச் சாய்கோட்டுக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. குறைந்தபட்சக் கூலி வேலை நடக்கும் மாநிலத்தைப் பொறுத்தது, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது இல்லை. கோவையில் அலுவலகம் வைத்துக்கொண்டு கஞ்சிக்கோட்டில் வேலை வாங்கினால் கேரளத்தின் கூலிதான். விடுமுறையும் அப்படியே குழம்பும். பாலக்காடு உட்பட எல்லையோர மாவட்டங்களில் பொங்கலுக்குக் கேரள அரசே உள்ளூர் விடுமுறை விடுகிறது. ஆனால் இரண்டு மாநிலத்திலும் கிளை உள்ள இடங்களில், "நீங்க தமிழ்நாட்டு ரோல்" என்று ஓணத்துக்கும், "வேலை கேரளால" என்று பொங்கலுக்கும் வரச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருடத்துக்கான விடுமுறைப் பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடம் எது என்பதையும் நியமனக் கடிதத்தில் ஒரே இடமாக எழுதச் சொல்லுங்கள்.

கேரளத்தில் இருந்துகொண்டு கல்ஃப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. என் பெரியப்பா மகன் "ப்ரீ விசா, நல்ல வேலை" என்று ஒரு நோட்டீஸைப் பார்த்தான். காசில்லாமல் விசா என்று நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம். கல்ஃப்காரர்கள் பேச்சில் ப்ரீ விசா என்றால், ஒரு ஸ்பான்சர் பெயரில் விசா மட்டும் கிடைக்கும், அங்கே போய் வேலையை நீயே தேடிக்கொள் என்று அர்த்தம். ஸ்பான்சரிடம் வேலை செய்யாமல் வேறு இடத்தில் வேலை செய்வது அந்த நாடுகளின் சட்டத்துக்கு எதிரானது, பிடிபட்டால் தண்டனையும் நாடு கடத்தலும். அந்த விசாவுக்கு அவன் கொடுத்தது ஒன்றரை லட்சம். போய் இறங்கிய இரண்டாம் வாரமே "இங்க வேலையே இல்ல" என்று போனில் அழுதான். எட்டு மாதத்தில் திரும்பினான், பெரியம்மாவின் வளையல் இன்னும் அடகில் இருக்கிறது. வெளிநாட்டு விளம்பரம் என்றால் அந்த ஏஜென்ட்டுக்குப் பதிவு உண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. அதற்கு மேல் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கேரளத்தில் ஒடெபெக், தமிழ்நாட்டில் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்று இரண்டு அரசு அமைப்புகளும் நேரடியாக ஆள் எடுக்கின்றன. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று கூட்டிப்போய் மியான்மரில் மோசடிக் கூடாரங்களில் அடைப்பதைப் பற்றி வெளியுறவுத் துறை 2022இலேயே எச்சரித்தது. வீட்டிலிருந்தே டைப்பிங், பதிவுக் கட்டணம் மட்டும் என்று கேட்டால் கட்ட வேண்டாம். கட்டிவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

இப்போது எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்காருகிறேன். பத்திரிகைத் துண்டுகளையும் போனில் வந்த படங்களையும் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். சேர்ந்து படிப்போம், என்ன எழுதவில்லை என்று தேடுவோம். அப்புறம் அங்கிருந்தே போன் செய்யச் சொல்வேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம் போய்க் கேட்பதை இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடலாம். கேட்கும்போது குரல் தாழ்வாக, மரியாதையாக இருக்கட்டும். ஆனால் கேள்வியை விழுங்கக் கூடாது.

இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரம் ஒரு பெண் வந்தாள், பி.காம். முடித்தவள். கிணத்துக்கடவில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஓர் இடத்துக்கு அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட். "டேலி தெரிந்தவர். பல பணிகளையும் ஏற்றுச் செய்பவர். சம்பளம் தகுதிக்கேற்ப. உடனடித் தேவை." நாலு வரியில் மூன்று வரி எனக்குப் பழக்கமானவை. வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. அவள் போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேட்டுக்கட்டுங்களா? இதுக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவங்க எதுக்காகப் போனாங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் சொன்னார். கடைசியாக இருந்த பெண் கல்யாணமாகிச் சேலம் போய்விட்டார். அதற்கு முன் இருந்தவருக்கு ஜிஎஸ்டி தாக்கல் நாட்களில் நேரமாவது ஒத்துவரவில்லை. "பதினொண்ணாம் தேதி, இருபதாம் தேதிப் பக்கம் எட்டு மணி ஆயிரும்மா. அன்னிக்கு வண்டியில கொண்டுவந்து பஸ் ஏத்தி விடுவோம். ஸ்டோர் பில்லையும் நீங்களே பார்க்கணும், அதுதான் பல பணின்னு போட்டது." சம்பளம் 16,000, அடிப்படை 10,000 என்றார். பிஎஃப் 1,200, இஎஸ்ஐ 120 போக 14,680 என்று அவள் பத்திரிகைத் துண்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். நான் பிஎஃப் தளத்தில் பார்த்தேன். மாதாமாதம் கட்டியிருந்தார்கள், ஆள் எண்ணிக்கையும் ஒரே மாதிரி இருந்தது.

பிப்ரவரி 1 அன்று சேர்ந்தாள். மார்ச் முதல் வாரம் சம்பள ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். 14,680 என்று இருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள்.